உப்புத் தண்ணியில் நுரைக்காத சோப்பும் செல்லின் சுவரும்

இன்றைய எபிசோடைக் குளியலறையில் இருந்து ஆரம்பிப்போம்.

போர் தண்ணி வரும் வீட்டில் குளித்தவர்களுக்குத் தெரியும். சோப்பைத் தேய்க்கத் தேய்க்க நுரை வராது. உடம்பில் ஏதோ பிசுக்கு ஒட்டிக்கொண்ட மாதிரியே இருக்கும். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாக ஒரு படலம் படியும். "தண்ணி உப்பு, அதான் சோப்பு திரியுது"ன்னு வீட்டில் ஒருத்தர் சொல்லிவிட்டுப் போயிடுவாங்க. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

ஆனா அந்தத் திரிதல்ல ஒரு பெரிய கதை இருக்கு. சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. அதன் மூலக்கூறுக்குத் தண்ணீரை வெறுக்கும் நீளமான வால் ஒன்று, தண்ணீரை விரும்பும் தலை ஒன்று. அந்தத் தலையில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. போர் தண்ணியில் கரைந்திருக்கும் கால்சியம் அயனிக்கு இரண்டு நேர்மின்னூட்டம். இரண்டு கை உள்ள ஆள் மாதிரி, ஒரே நேரத்தில் இரண்டு சோப்புத் தலைகளைப் பிடித்துக்கொள்ளும். சோடியத்துக்கு இருப்பது ஒரு கைதான். அது பிடிப்பதும் தெரியாது, விடுவதும் தெரியாது. கால்சியம் பிடித்த சோப்பு தண்ணீரில் கரையாமல் கட்டியாகிவிடும்.

இப்போ உங்க உடம்புக்கு வாங்க. ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் தடிமன். அதன் அடிப்படைப் பொருள் லிப்பிட் எனப்படும் கொழுப்பு மூலக்கூறுகள். அவற்றிலும் தலை, வால். பல தலைகளில் எதிர்மின்னூட்டம். அதாவது, சோப்புக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். அப்படின்னா சோப்பைத் திரிய வைக்கும் கால்சியம் இந்தச் சவ்வை என்ன செய்யும்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க ஏறக்குறைய நூறு வருஷம் ஆனது. அந்த நூறு வருஷக் கதைதான் இன்றைக்கு.

லண்டன் குழாய்த் தண்ணீர்

1882. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, கலந்த கரைசலில் இதயம் நன்றாகவே துடித்தது. அதை அப்படியே கட்டுரையாக எழுதியும் விட்டார்.

பிறகுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. கரைசல் காய்ச்சி வடித்த சுத்தமான நீரில் தயாரிக்கப்படவில்லை. ஆய்வகத்தில் அதைக் கலந்தவர் லண்டன் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கலந்திருந்தார். ரிங்கர் வடித்த நீரில் மறுபடி செய்து பார்த்தார். இதயம் சீக்கிரமே ஓய்ந்துபோனது. அப்படின்னா குழாய்த் தண்ணீரில் ஏதோ இருக்கு. பகுத்துப் பார்த்ததில் அதில் கால்சியம் இருந்தது, பத்து லட்சம் பங்கில் சுமார் 38 பங்கு.

1883-இல் ரிங்கர் தன் பழைய முடிவைத் தானே திருத்தி வெளியிட்டார். இது சின்ன விஷயமில்லைங்க. "என் கரைசல் தப்பு, போன வருஷம் நான் எழுதினதைத் திருத்திக்கிறேன்"னு அச்சில் சொல்வது இன்றைக்கும் அபூர்வம்தான். அந்தத் திருத்தத்தில் இருந்து வந்ததுதான் ரிங்கர் கரைசல். 1930-களில் அலெக்ஸிஸ் ஹார்ட்மன் அதில் லாக்டேட் சேர்த்தார். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் "ஆர்.எல். ஒரு பாட்டில் போடுங்க"ன்னு சொல்றாங்களே, அது இதுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடணும். இதயத்தில் கால்சியத்தின் முக்கியமான வேலை, தசை நாரைச் சுருங்கச் சொல்லும் சைகையாக இருப்பது. சவ்வை மாற்றுவது மட்டுமே அங்கே காரணம் இல்லை. ஆனால் ரிங்கர் ஒரு கதவைத் திறந்துவிட்டார். சோடியம், கால்சியம் இரண்டுமே உப்பில் வரும் உலோகங்கள்தான், ஆனால் உயிருள்ள செல்லுக்கு இரண்டும் ஒன்றல்ல என்பது அப்போது தெரிந்துபோனது.

எண்ணெய், தண்ணீர், ஒரு துணிச்சலான ஊகம்

அடுத்த முப்பது வருஷத்தில் பலர் இந்த முரண்பாட்டைத் துரத்தினார்கள். ஹார்வர்டில் ஆஸ்டர்ஹவுட் என்ற தாவரவியலாளர் கடற்பாசித் துண்டுகளை அடுக்கி, அதன் வழியே மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். வெறும் சோடியம் குளோரைடு கரைசலில் வைத்தால் மின்தடை குறைந்துகொண்டே போகும். அதாவது செல்கள் ஒழுக ஆரம்பிக்கின்றன. கால்சியம் குளோரைடில் வைத்தால் முதலில் மின்தடை ஏறும். செல்கள் இறுகுகின்றன. இரண்டையும் சரியான விகிதத்தில் கலந்தால் பாசி இயல்பாக இருக்கும். ஒன்று தளர்த்துகிறது, ஒன்று இறுக்குகிறது.

ஏன்? இதற்குச் சோப்பைக் கையில் எடுத்தவர் ஜார்ஜ் கிளோஸ். இங்கிலாந்தில் பிறந்த வேதியியலாளர். அமெரிக்காவில் பஃபலோ நகரத்துப் புற்றுநோய் ஆய்வகத்தில் வேலை. இவர் பெயரையும் இந்த ஊரையும் ஞாபகத்தில் வச்சுக்கோங்க, இரண்டும் திரும்ப வரும்.

கிளோஸ் எண்ணெயையும் தண்ணீரையும் சோப்பு சேர்த்துக் குலுக்கினார். சோடியம் சோப்பு இருந்தால் எண்ணெய் சின்னச் சின்னத் துளியாகித் தண்ணீரில் மிதக்கும், பால் மாதிரி. கால்சியம் சோப்பு இருந்தால் தலைகீழ். தண்ணீர் துளியாகி எண்ணெய்க்குள் சிக்கிக்கொள்ளும், வெண்ணெய் மாதிரி. பாலில் தண்ணீர் தாராளமாக ஓடும். வெண்ணெயில் ஓடாது.

1916-இல் அவர் எழுதிய ஊகம் இதுதான்: செல்லின் மேற்பரப்பும் இப்படிப்பட்ட ஒன்றாக இருக்கலாம். சோடியம் அதைத் தண்ணீர் ஊடுருவும் பக்கம் இழுக்கிறது, கால்சியம் மூடும் பக்கம் இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் செல் சமநிலையில் நிற்கிறது.

அவர் நினைத்த மாதிரி செல் சவ்வு வெண்ணெயும் இல்லை, பாலும் இல்லை. படம் தப்பு. ஆனா உள்ளே இருந்த யோசனை சரி. சுவர் எப்படிப்பட்டது என்பதைச் சுவரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, அது நிற்கும் தண்ணீரில் என்ன உலோகம் இருக்கிறது என்றும் பார்க்கணும். இதை அவர் செல் சவ்வு எப்படி இருக்கும் என்றே யாருக்கும் தெரியாத காலத்தில் சொன்னார்.

தகரத் தொட்டியில் இருந்து கண்ணாடி வரை

அந்த அமைப்பைக் கண்டுபிடிக்க உதவிய கருவி பிறந்தது ஒரு வீட்டுச் சமையலறையில். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண். அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. வீட்டில் பெற்றோரைப் பார்த்துக்கொண்டே, தகரத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மேலே ஒரு உலோகப் பட்டையை நகர்த்தி, மேற்பரப்பில் படரும் எண்ணெய்ப் படலம் நெருக்கினால் என்ன ஆகிறது என்று அளந்தார். 1891-இல் அவர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதம் 'நேச்சர்' இதழில் வெளியானது. அந்தத் தொட்டியின் வம்சத்தில் வந்ததுதான் இர்விங் லாங்மூர் 1917-இல் எழுதிய ஆய்வின் தொட்டி.

1925-இல் நெதர்லாந்தின் லெய்டனில் குழந்தை மருத்துவர் கோர்ட்டரும் அவருடைய உதவியாளர் கிரெண்டலும் ரத்தச் சிவப்பணுக்களில் இருந்து லிப்பிட்டைப் பிரித்து அந்தத் தொட்டியில் பரப்பினார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு இடத்தை அது அடைத்தது. அப்போ சவ்வு என்பது இரட்டை அடுக்கு. தலைகள் வெளியே, வால்கள் உள்ளே. அவர்கள் லிப்பிட்டை முழுசாகப் பிரிக்கவும் இல்லை, அணுவின் பரப்பைச் சரியாகக் கணக்கிடவும் இல்லை. இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டி விடை சரியாக வந்தது! அறிவியலில் இப்படியும் அதிர்ஷ்டம் உண்டு.

அடுத்து கேத்தரின் பிளாட்ஜெட். கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் லாங்மூருடன் வேலை பார்த்தார். தண்ணீர் மேல் கொழுப்பு அமிலத்தின் ஒற்றைப் படலத்தைப் பரப்பி, கண்ணாடித் துண்டை முக்கி முக்கி எடுத்து, அடுக்கு மேல் அடுக்காக ஏற்ற வேண்டும். இதற்கு அவர் தண்ணீரில் கால்சியமோ பேரியமோ கலந்தார். அந்த அயனிகள் கொழுப்பின் தலைகளைப் பிடித்து இறுக்கியதால் படலம் கெட்டியாகி ஒழுங்காகக் கண்ணாடியில் ஏறியது. யோசிச்சுப் பாருங்க, பக்கெட் ஓரத்தில் படிகிற அதே கால்சியம் சோப்பு! நாம் எரிச்சலோடு தேய்த்துக் கழுவுவதை அவர் ஒரு மூலக்கூறு தடிமனுக்கு அளந்து அடுக்கினார். 44 அடுக்கு பேரியம் சோப்பு ஏற்றிய கண்ணாடி ஒளியைப் பிரதிபலிப்பதே இல்லை என்று 1938-இல் காட்டினார்.

அதாவது 1930-கள் முடியும்போது ஒன்று உறுதியாகிவிட்டது. இரண்டு மின்னூட்டம் உள்ள உலோக அயனி, கொழுப்புப் படலத்தை நெருக்கி இறுக்கும். ஆனா இது தொட்டியில் மிதக்கும் ஒற்றைப் படலம். செல்லின் இரட்டைச் சவ்வில் இதைச் சோதிக்க ஒரு மாதிரி தேவை. அது கையில் இல்லை.

மார்கழித் தேங்காய் எண்ணெய்

அந்த மாதிரி 1960-களில் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் பக்கத்தில் பாப்ரஹாம் ஆய்வு நிலையத்தில் அலெக் பாங்கம் என்ற ரத்தவியல் ஆய்வாளர், ராபர்ட் ஹார்னுடன் சேர்ந்து பாஸ்போலிப்பிட்டைத் தண்ணீரில் கலந்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். யாரும் செய்து வைக்காமல் தானாகவே மூடிய பைகள், வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக. 1964-இல் இந்தப் படங்கள் வெளிவந்தன. அடுத்த வருஷமே அந்தப் பைகள் சோடியம், பொட்டாசியம் அயனிகளை உள்ளே பிடித்து வைத்துக்கொள்வதையும் காட்டினார். இன்றைக்கு லைப்போசோம் என்கிறோமே, அது இதுதான். புரதம் எதுவும் இல்லாத, லிப்பிட் மட்டுமேயான சவ்வு. இப்போ உப்பை மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்கலாம்.

இங்கே ஒரு நிமிஷம் நம்ம வீட்டு அலமாரிக்கு வாங்க. மார்கழி மாதம் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. உறைந்திருக்கும். வெயிலில் வைத்தால் இளகும். லிப்பிட் சவ்வுக்கும் இப்படி ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே வால்கள் நேராக நின்று நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், சவ்வு விறைப்பாக இருக்கும். அதற்கு மேலே வால்கள் நெளியும், சவ்வு இளகும்.

1974-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ட்ராய்ப்ளேயும் ஐபிளும் காட்டியது இதைத்தான். எதிர்மின்னூட்டம் உள்ள லிப்பிட்டில், தலைகள் ஒன்றையொன்று தள்ளுவதால் சவ்வு கொஞ்சம் விரிந்தே இருக்கும். கால்சியம், மெக்னீசியம் போன்ற இரட்டை மின்னூட்ட அயனிகளைச் சேர்த்தால் அந்தத் தள்ளல் தணிகிறது. உறையும் வெப்பநிலை மேலே ஏறுகிறது. சூட்டைத் துளியும் குறைக்காமல், வெறும் உப்பைச் சேர்த்தே இளகிய சவ்வை விறைக்க வைக்கலாம். மார்கழி வர வேண்டியதில்லை, கால்சியம் வந்தால் போதும்.

இதன் எல்லையைப் பார்த்தவர் டிமீட்ரியோஸ் பாபஹஜோபுலோஸ். கிரேக்கத்தில் பிறந்தவர், பாங்கத்தோடு வேலை பார்த்தவர். பிறகு அமெரிக்கா போனார். எந்த ஊர்? பஃபலோ. எந்த இடம்? ராஸ்வெல் பார்க். கிளோஸ் எண்ணெயும் சோப்பும் குலுக்கிய அந்தப் புற்றுநோய் ஆய்வகம்தான் வளர்ந்து ராஸ்வெல் பார்க் ஆகியிருந்தது. அறுபது வருஷம் கழித்து, அதே நிறுவனத்தில், அதே கேள்வி.

அவர் எடுத்துக்கொண்டது பாஸ்படிடில்செரின் என்ற லிப்பிட். நம் செல்களில் இது பெரும்பாலும் சவ்வின் உள்பக்கம் இருக்கும். இதன் பைகளில் கால்சியத்தைச் சேர்த்தார். கால்சியம் லிப்பிட் தலைகளைச் சுற்றியிருந்த தண்ணீரை விலக்கிவிட்டு நேரடியாக உட்கார்ந்தது. சவ்வு கொதிநீர்ச் சூட்டில்கூட இளகாத அளவுக்கு இறுகியது. பைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, உடைந்து, இணைந்து, கடைசியில் சுருட்டி வைத்த கோரைப்பாய் மாதிரி உருளைகளாக ஆயின. 1975-இல் இதை வெளியிட்டபோது நத்தை ஓட்டின் கிரேக்கப் பெயரில் இருந்து 'காக்லியேட்' என்று பெயர் வைத்தார்கள். அதில் ஈ.டி.டி.ஏ. சேர்த்துக் கால்சியத்தைப் பிடுங்கினால் பாய் பிரிந்து பெரிய பைகளாக மாறும். ரத்தப் பரிசோதனைக்கு ஊதா மூடி டியூப்ல எடுக்கறாங்களே, அதில் ரத்தம் உறையாமல் கால்சியத்தைப் பிடித்து வைப்பதும் இந்த ஈ.டி.டி.ஏ.தான்.

இன்னொரு ஆச்சரியம். மெக்னீசியத்துக்கும் இரண்டு மின்னூட்டம்தான். ஆனால் இதே லிப்பிட்டின் பெரிய பைகளில் மெக்னீசியம் சேர்த்தால் பைகள் ஒட்டும், இணையாது. மெக்னீசியம் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை லேசில் விடாது. கால்சியம் விட்டுவிடும். மின்னூட்டத்தைக் கணக்கு போட்டால் மட்டும் போதாது, எந்த உலோகம் என்பதும் முக்கியம்.

அப்போ செல்லுக்குள்ளும் சவ்வுகளை இணைப்பது கால்சியம்தானா என்று பலர் உற்சாகமானார்கள். பதில் அவ்வளவு நேரடியாக இல்லை. சோதனைக் குழாயில் தேவைப்பட்ட அளவு கால்சியம் செல்லுக்குள் கிடையாது. வெளியே இருப்பதைவிட உள்ளே ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவாகவே செல் அதை வைத்திருக்கிறது, அதற்காக ஓயாமல் ஆற்றலைச் செலவழித்து வெளியே தள்ளுகிறது. நரம்பு முனையில் சவ்வுகளை இணைக்கும் வேலையைப் புரதங்கள் செய்கின்றன. ஆனால் அங்கேயும் கால்சியத்தை உணரும் புரதம், கால்சியத்தை நடுவில் வைத்துத்தான் எதிர்மின்னூட்ட லிப்பிட்டைப் பற்றிக்கொள்கிறது. பழைய பிடி, புதிய கை.

ஐஸும் கால்சியமும் ஒரு ஊசியும்

கடைசியாக, இதெல்லாம் எங்கே போய் முடிந்தது?

1970-இல் ஹவாயில் மார்ட்டன் மேண்டலும் அகிகோ ஹிகாவும் ஒன்றைக் கவனித்தார்கள். ஈ. கோலை பாக்டீரியாவைக் கால்சியம் குளோரைடு கரைசலில் வைத்துக் குளிர வைத்துவிட்டு, திடீரென்று சூடு காட்டினால், வெளியில் இருக்கும் வைரஸின் டி.என்.ஏ. அதற்குள் போய்விடுகிறது. டி.என்.ஏ.வும் எதிர்மின்னூட்டம், பாக்டீரியாவின் மேல்சவ்வும் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் கால்சியம் சமாதானம் செய்து வைக்கிறது. டி.என்.ஏ. சவ்வை எந்த வழியாகக் கடக்கிறது என்பதில் இன்றும் விவாதம் ஓயவில்லை, ஆனால் முறை வேலை செய்கிறது. 1972-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டான்லி கோஹனின் குழு பிளாஸ்மிட் டி.என்.ஏ.வை இதே மாதிரி நுழைத்தது. மரபணுப் பொறியியல் பிறந்த வருஷங்கள் அவை. பாக்டீரியாவின் கதவைத் திறக்க அன்றைக்கு ஆய்வகங்கள் நம்பியது இந்தக் கால்சியக் குளியலைத்தான்.

1978-இல் மனித இன்சுலினை பாக்டீரியாவில் உருவாக்கினார்கள். 1982-இல் அது மருந்துக் கடைக்கு வந்தது. அதை விற்பனைக்குக் கொண்டுவந்த கம்பெனி எலி லில்லி.

இப்போ கிளோஸுக்குத் திரும்புவோம். அவர் 1919-இல் பஃபலோவை விட்டுவிட்டு எலி லில்லியில் சேர்ந்தார். 1921 டிசம்பரில் நியூ ஹேவனில் நடந்த ஒரு கூட்டத்தில், டொரான்டோவில் இருந்து வந்தவர்கள் கணையச் சாறு பற்றிப் பேசியதைக் கேட்டார். கூட்டத்தில் பலர் சந்தேகப்பட்டார்கள். கிளோஸ் விடாமல் துரத்தினார். 1922-இல் டொரான்டோவோடு ஒப்பந்தம் ஆகி, பெரிய அளவில் இன்சுலின் தயாரிக்கும் வேலை தொடங்கியது. மாடு, பன்றிக் கணையங்களில் இருந்து எடுத்த அந்த இன்சுலின்தான் அறுபது வருஷம் உலகத்தைக் காப்பாற்றியது.

கால்சியம் சவ்வைப் பிடித்து மாற்றும் என்று சோப்புக் குடுவையைக் குலுக்கிச் சொன்ன மனிதர், இன்சுலினை மருந்தாக்கினார். அவர் இறந்தது 1958-இல். தான் துரத்திய அந்தக் கால்சியம் ஒருநாள் பாக்டீரியாவின் சவ்வைத் திறக்கும், தன் கம்பெனி விற்கும் மனித இன்சுலின் அந்த வழியில் வரும் என்பதை அவர் பார்க்கவில்லை.

நம்மில் எத்தனையோ வீடுகளில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு இன்சுலின் பேனா இருக்கு. அதே வீட்டுக் குளியலறையில் நுரைக்காத ஒரு சோப்பும் இருக்கு. இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு பேர் இருக்காங்க: தப்பான தண்ணீரைப் பிடித்த ஒரு ஆய்வக ஊழியர், தன் கட்டுரையைத் தானே திருத்திய ஒரு டாக்டர், தகரத் தொட்டி வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண். தண்ணீரில் இருந்த கால்சியத்தை இவங்க கழித்துக் கட்டவில்லை, அது என்ன செய்கிறது என்று கேட்டாங்க. அடுத்த தடவை பக்கெட் ஓரத்தைத் தேய்க்கும்போது அந்த வெள்ளைப் படலத்தை ஒரு நிமிஷம் பாருங்க.

இன்னொரு கதையோடு அடுத்த எபிசோடில் சந்திப்போம்.